மூலைக்குப் போன மந்திரி

கிளப்பில் அவளுக்கு அட்டை என்று பெயர். வைத்தது அவள் கணவன்தான். ராணிகள் வெட்டுப்பட்டு, யானைகளும் போய், பலகையில் சில காய்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும்போது மற்றவர்கள் கொட்டாவி விட்டபடி டிராவுக்குக் கை நீட்டுவார்கள். அவள் அந்தக் கையைப் பார்க்காததுபோல் இருப்பாள். இரண்டு பக்கமும் சமம் என்று ஊரே கைகழுவிய நிலையில், எதிராளியின் எந்தச் சிப்பாய் ஆட்டங்கண்டு நிற்கிறது என்று தேடிப் பிடித்து, அதை இம்மி இம்மியாக நெருக்குவாள். அதிலும் தன்னிடம் குறுக்குக் கோட்டில் ஓடும் இரண்டு மந்திரிகளும் இருந்து, எதிரில் ஒரு மந்திரியும் குதிரையும் இருந்துவிட்டால், அவளிடமிருந்து தப்பிப் போனவர்கள் குறைவு.

"ஒட்டிக்கிட்டா ரத்தம் பாக்காம விடமாட்டா. நான் வீட்லயே மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்று அவன் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் அவளும் கூடவே சிரித்திருக்கிறாள்.

அவன் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் சூறாவளி. மோட்டார் சைக்கிள் ஷோரூம் ஒன்றில் விற்பனை மேலாளர். வண்டி விற்பதுபோலவே சதுரங்கமும் ஆடுவான். சத்தமாகத் தாக்குவது, எதிராளி மிரண்டால் ஜெயிப்பது, மிரளாவிட்டால் தோற்றுவிட்டு டீ குடிக்கப் போவது. கடைசிக் கட்ட ஆட்டத்தைப் போஸ்ட்மார்ட்டம் என்று கேலி செய்வான். இரண்டு மந்திரிகளை எப்படிச் சேர்த்து நடத்துவது என்று அவள் ஒருமுறை வீட்டில் காட்டப் போக, பாதியிலேயே பல்லைக் குத்திக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அவள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் மருந்தாளுநர். அந்த வருடப் போட்டியில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் இரண்டு சுற்றுகளுக்குப் போக முடியவில்லை. அதனால் பட்டத்துக்கான பந்தயத்தில் அவள் இல்லை. கடைசிச் சுற்றில் சமப் புள்ளிகளோடு பட்டத்துக்கு மோதியவர்கள் அவள் கணவனும் பல் டாக்டரும்.

பல் டாக்டர் நிதானமான மனிதர். காயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைக்குட்டையால் விரலைத் துடைப்பார். தோற்பது அவருக்குப் பிடிக்காது, ஜெயிக்க மெனக்கெடுவதும் பிடிக்காது. யார் டிரா கேட்டாலும் தலையாட்டிவிடுவார்.

கிளப் இருந்தது ஒரு மரச்சாமான் கிடங்கின் மாடியில். எப்போதும் வார்னிஷ் வாடை. நடைபாதையின் கோடியில் ஒரே ஒரு கழிவறை. அதன் தாழ்ப்பாள் எப்போதோ கழன்றுபோய், உள்ளே போகிறவர்கள் ஒரு நைலான் கயிற்றை ஆணியில் சுற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லாரும் செல்போனைக் கிளப் செயலாளரின் மேசையில் உள்ள தட்டில் போட வேண்டும் என்பது விதி. அவனும் போட்டான்.

அன்று அவள் தன் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கணவனின் பலகைக்குப் பின்னால் போய் நின்றாள். சூறாவளி வழக்கம்போல் வீசி ஓய்ந்திருந்தது. பெரிய காய்கள் எல்லாம் போய்விட்டன. அவனிடம் இரண்டு மந்திரிகள். டாக்டரிடம் கறுப்புக் கட்டத்தில் ஓடும் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும். சிப்பாய்கள் எண்ணிக்கையில் சமம். சுற்றி நின்றவர்கள் டிரா என்று முடிவுகட்டிக் கலையத் தொடங்கினார்கள். டாக்டரே புன்னகையோடு, "முடிச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"இருங்க டாக்டர், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று அவன் எழுந்து போனான்.

திரும்பி வந்து ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். குதிரை இளைப்பாற வரக்கூடிய இடத்தை அந்தச் சிப்பாய் அடைத்தது. இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது என்று நினைத்தாள். கூட்டத்தில் தன் புருஷனைப் பார்த்துப் பெருமைப்பட்டது அதுதான் கடைசி.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து போனான். வந்து, வெள்ளைக் கட்ட மந்திரியை நடுப்பலகையிலிருந்து பின்னுக்கு இழுத்து மூலையில் கொண்டுபோய் வைத்தான். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் பலகைக்கு அருகே நகர்ந்தாள். அந்த நகர்த்தலை அவள் இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை. பலகையையே வெறித்துப் பார்த்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. தனக்கே பிடிபடாத ஒன்று, போஸ்ட்மார்ட்டம் என்று சிரிக்கிற ஆளுக்கு எப்படிப் பிடிபட்டது? அவன் முகத்தைப் பார்த்தாள். அது யோசிக்கிற முகமாக இல்லை. எழுதி வைத்த விலையை வாடிக்கையாளருக்கு ஒப்பிக்கும் முகம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. டாக்டரின் குதிரை ஒதுங்கி ஒதுங்கிப் பலகையின் ஓரத்துக்கு வந்தது. சரியான நேரம் பார்த்து அவன் கறுப்புக் கட்ட மந்திரிகளை வெட்டி மாற்றினான். மிஞ்சிய மந்திரியைக் குதிரைக்கு நேராக, நடுவில் இரண்டு கட்டம் விட்டு நிறுத்தினான். குதிரை போகக்கூடிய நாலு இடமும் அடைபட்டுப் போயின. அப்புறம் அவன் ராஜா சாவகாசமாக நடந்து போய் அதைப் பிடிக்க வேண்டியதுதான். டாக்டர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டு எழுந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

"பாத்தியா? உன் வித்தைய உனக்கே காட்டினேன்" என்று அவன் அவள் காதோரம் சொன்னான்.

அன்று சாயங்காலம் மாமியாரும் நாத்தனாரும் வந்திருந்தார்கள். கோப்பை டிவிக்கு மேல் ஏறிவிட்டது. நாத்தனார் கேக் வாங்கி வந்திருந்தாள். அவன் ஒரு துண்டை வெட்டி, எல்லாரும் பார்க்க மனைவியின் வாயில் ஊட்டினான். "குருவுக்கு முதல் துண்டு" என்றான். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கேக்கை விழுங்கினாள். விரலில் ஒட்டியிருந்த கிரீமை அவன் நக்கிக்கொண்டான்.

அவர்கள் போனதும் துணிகளை ஊறப்போட எடுத்தாள். அவன் பேன்ட் பையில் கையை விட்டபோது ஈரமாக எதுவோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். அவள் கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் உறை, அழுத்தினால் மூடிக்கொள்ளும் வாயோடு. காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கட்டங்கள். பெரிய அளவு உறை, ஒரு செல்போன் தாராளமாக நுழையும். ஃபினாயில் வாடையும், அதற்கு அடியில் பழைய மூத்திர வாடையும் அடித்தது. கிளப் கழிவறையின் தண்ணீர்த் தொட்டிக்குள் எப்போதும் ஒரு பச்சைப் பாசி மிதக்கும். அதில் ஒரு இழை உறையின் மடிப்பில் ஒட்டியிருந்தது. தட்டில் போட்டது ஆபீஸ் போன். நகர்த்தல் சொல்லும் சதுரங்க ஆப்போடு சொந்தப் போன் அந்தத் தொட்டிக்குள் கிடந்திருக்கிறது.

உறையைப் பக்கெட் விளிம்பில் போட்டுவிட்டுக் கை கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள். கேக்கின் தித்திப்பு இன்னும் நாக்கில் இருந்தது. அந்த விரல், அந்தத் தொட்டி, அந்தக் கிரீம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வர, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள்.

"கேக் ஒத்துக்கலையா?" என்று ஹாலில் இருந்து குரல் வந்தது.

அவள் அப்போது எதுவும் கேட்கவில்லை. அவனாகச் சொல்வான் என்ற நப்பாசை கொஞ்சம் மிச்சமிருந்தது. மறுநாள் அவன் வாய் திறந்தது வேறு விஷயத்துக்கு.

"ஞாயித்துக்கிழமை கிளப்ல என் ஆட்டத்த எல்லாருக்கும் விளக்கணுமாம். செயலாளர் கேட்டாரு. நீ எதுக்கு எதுன்னு கொஞ்சம் எழுதிக் குடேன். நான் என் ஸ்டைல்ல சொல்லிக்கிறேன்."

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுப் பலகையை எடுத்து வந்தாள். டாக்டர் டிரா கேட்ட அந்த நிலையை அடுக்கினாள். இரண்டு மந்திரிகளை அவன் பக்கம் வைத்தாள்.

"ஆடுங்க" என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"நேத்து ஜெயிச்ச ஆட்டம்தானே. எனக்கு எதிரா ஜெயிச்சுக் காட்டுங்க. எழுதித் தர்றேன்."

முதல் நகர்த்தல் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினான். அவள் டாக்டர் ஆடாத ஒன்றை ஆடினாள். அவன் விழித்தான். காதைச் சொறிந்தான். இன்னும் கொஞ்சம் ஆடியபின் அவள் குதிரையை ஒரு சிப்பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அவன் முகம் மலர்ந்தது. கறுப்புக் கட்ட மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டி, அந்த மாற்றத்தில் ஒரு சிப்பாயையும் சேர்த்து வாரிக்கொண்டான்.

"ஒரு சிப்பாய் எனக்கு ஜாஸ்தி" என்றான்.

"உங்ககிட்ட மிஞ்சின மந்திரி வெள்ளைக் கட்டத்துல ஓடுது. என்னது கறுப்புல. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே முடியாது. சிப்பாய் ஜாஸ்தியா இருந்தாலும் இது டிரா. இது தெரியாத ஆளு நேத்து அப்படி ஆடியிருக்க முடியாது." அவள் எழுந்து போய், காயவைத்திருந்த பிளாஸ்டிக் உறையை இடுக்கியால் எடுத்து வந்து பலகைக்குப் பக்கத்தில் போட்டாள்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு சிரித்தான். மாட்டிக்கொண்டவன் சிரிப்பாக இருந்திருந்தால் அவளுக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. தவணைக் கணக்கில் சின்னப் பிழையைக் கண்டுபிடித்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தும் சிரிப்பு அது.

"எல்லாரும் பண்றதுதான். எனக்கு ஒரு தடவை ஜெயிக்கணும்னு ஆசை. யார் குடியும் முழுகிடல."

"டாக்டரு?"

"அவருக்கு என்ன, நாளைக்கு நாலு பல்லு புடுங்கினா மறந்துடுவாரு. இங்க பாரு, போன் சொன்னா என்ன, நீ சொன்னா என்ன? ரெண்டும் ஒரே நகர்த்தலதானே சொல்லும். நீ சொல்லிக் குடுத்தேன்னு நினைச்சுக்கோ. ஒருவிதத்துல உன் ஜெயம்தான் இது."

அவள் பலகையை மடித்தாள். தான் இவ்வளவு வருடங்களாக உட்கார்ந்து யோசித்ததையும் மூத்திரத் தொட்டியில் கிடந்த ஒரு சாதனத்தையும் அவன் ஒரே தராசில் வைத்துவிட்டான். அதைவிட, அவளுக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று அவன் உண்மையாகவே நம்பினான் என்பதுதான் அவளை உறுத்தியது.

"நான் எழுத மாட்டேன்" என்றாள்.

"சரி விடு. அங்க யாராவது கேட்டா நீ எடுத்துக் குடுப்பல்ல, அது போதும்."

வாரத்தின் நடுவில் பல் டாக்டர் மருந்துக்கடைக்கு வந்தார். கிளினிக் கோட்டோடு வந்திருந்தார். இருமல் மருந்துக்கு நின்றவரை முன்னே விட்டுவிட்டு, கூட்டம் குறைந்ததும் கண்ணாடி மேடைமேல், நகர்த்தல்களைக் குறித்து வைத்திருந்த தன் ஆட்டத்தாளை விரித்தார். மடித்து மடித்து அதன் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. பேஷண்ட் வாயைத் திறந்தா எனக்குப் பல்லு தெரியல, அந்தக் குதிரைதான் தெரியுது."

"பெரிய தப்பு எதுவும் பண்ணல டாக்டர்."

"அப்ப எப்படித் தோத்தேன்? உங்க வீட்டுக்காரர்கிட்ட. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த மூலைக்குப் போன மந்திரி எனக்கு இன்னும் புரியல. எனக்கு வயசாயிடுச்சுன்னு என் பொண்ணு சொல்றா. இதோட விட்டுடலாம்னு இருக்கேன்."

அவளுக்கு அங்கேயே சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றும் தோன்றியது.

"ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாங்க. இதே கேள்விய அவர்கிட்டயே கேளுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிரம்பியிருந்தது. சுவரில் பெரிய காந்தப் பலகையை மாட்டியிருந்தார்கள். அவன் புதுச் சட்டையில் வந்து, ஆட்டத்தின் முதல் பாதியைச் சிரிப்பும் கைதட்டலுமாக ஓட்டினான். அதில் அவனுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. கடைசிக் கட்டம் வந்ததும் காய்களை வேகமாக நகர்த்தினான். "இங்க நெருக்குறோம், இங்க இன்னும் நெருக்குறோம்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

டாக்டர் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். நடுவுல நல்லா நின்ன மந்திரிய எதுக்கு மூலைக்குக் கொண்டு போனீங்க?"

"அதெல்லாம் ஒரு உள்ளுணர்வு டாக்டர். வண்டி ஓட்டுறப்போ கியர் மாத்துறோம், காரணம் யோசிச்சா மாத்துறோம்?"

சிலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "இல்ல, எனக்குத் தூக்கம் போச்சு. கொஞ்சம் சொல்லுங்க."

அவன் பலகையைப் பார்த்தான். நெற்றியில் வியர்வை மினுங்கியது. பிறகு கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் விரித்தான். "என்னை ஏன் கேக்குறீங்க, குரு அங்க உக்காந்திருக்காங்க. அட்டை, வந்து டாக்டருக்குச் சொல்லும்மா."

அவள் எழுந்து போனாள். பலகை முன் நின்று நிதானமாகவே சொன்னாள்.

"குதிரைக்கு நல்ல இடம் நடுவுல இந்த ஒண்ணுதான். மந்திரி நடுவுல நின்னு அதைக் காவல் காத்தா, நீங்க சிப்பாயை ஏத்தி மந்திரிய விரட்டிடலாம். மூலையில இருந்தும் அதே கோட்டுல அதே கட்டத்தக் காக்கலாம், அங்க அதை யாரும் தொட முடியாது. குதிரைக்கு ஓரத்துக்குப் போறதத் தவிர வழி இல்ல. பாக்கறதுக்குச் சமமா இருக்கும். ஆனா ரெண்டு மந்திரிக்கும் பலகை முழுக்க வேலை இருக்கு, குதிரைக்கு இல்ல. அதனால ஜெயிக்கலாம், அவசரப்படாம இருந்தா."

டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவன் நிம்மதியாக மூச்சு விட்டு அவள் தோளில் கை போட வந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

"இது எனக்கே அன்னைக்குப் பாத்த உடனே புரியல. யோசிச்சுதான் புரிஞ்சுது. இவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இவருக்குச் சொன்னது பாத்ரூம் தண்ணித் தொட்டில இருந்த போன்." கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தாள். "அதைப் போட்டு வச்ச கவர் இது. எங்க கடையோடது."

அவன்தான் முதலில் பேசினான். "வீட்ல ஒரு சின்னச் சண்டைங்க. அதான்" என்றான். கேட்டவர்கள் சிலர் நிம்மதியடைந்ததுபோல் தெரிந்தார்கள். செயலாளர் அவளைத் தனியே அழைத்து, "மேடம், இதை வீட்டுக்குள்ளயே பேசித் தீத்திருக்கலாமே" என்றார். செயலாளரின் மோட்டார் சைக்கிள் அவன் ஷோரூமில் எடுத்தது. அதற்கு இலவச சர்வீஸ் என்றைக்கும் தீராது.

கமிட்டி கூடியது. உறையில் பாசி இருப்பதை எல்லாரும் எட்டி நின்று பார்த்தார்கள். அதைத் தொட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை. அது எந்தத் தொட்டியின் பாசி என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். கிளப் பெயர் வெளியே கெடக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் அந்த ஆட்டத்தை டிரா என்று திருத்துவது என்று ஏகமனதாக முடிவானது. ஆட்டம் டிரா என்றால் இருவருக்கும் புள்ளிகள் சமம். ஆகவே இருவரும் கூட்டுச் சாம்பியன்கள். கோப்பையை ஆளுக்குப் பாதி வருடம் வைத்துக்கொள்ளலாம்.

இருவரும் கோப்பையின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் மாடிப்படிச் சுவரில் மாட்டப்பட்டது. டாக்டர் கைக்குட்டையோடு பிடித்திருந்தார்.

அவள் கிளினிக்குக்கே போய்க் கேட்டாள். "எப்படி டாக்டர் ஒத்துக்கிட்டீங்க?"

"எனக்கு எதுக்கும்மா வம்பு. நான் அன்னைக்கே டிரா கேட்டேன், இப்ப அதையே குடுத்துட்டாங்க. எனக்கும் தப்பு இல்லன்னு ஆயிடுச்சு. ராத்திரி தூக்கம் வருது." கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி காத்திருந்தார்.

வீட்டில் மாமியார் சமாதானம் சொன்னாள். "ரெண்டு பேருக்கும்னு நல்லபடியா முடிச்சுட்டாங்களேம்மா. நீயும் விட்டுடு. ஆம்பளைன்னா ஒரு ஆசை இருக்காதா?" அவன் கோபம்கூடப் படவில்லை. எல்லாம் சுமுகமாகிவிட்டது என்பதுபோல் டிவி பார்த்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தான். ஒரு பிடி அவளுக்கும் நீட்டினான். அந்த விரல்களை அவள் பார்த்தாள். இனி இந்த ஆள் தொட்ட எதையும் தன்னால் தின்ன முடியாது என்று அந்த நிமிடம் தெரிந்துபோயிற்று. அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்காவும் முதலில் திட்டினாள். "ஒரு விளையாட்டுக்காகவா குடும்பத்த விட்டுட்டு வருவ?" என்றாள். கேக் ஊட்டியதைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் கேட்கவில்லை. பின்னறையைக் காலி செய்து கொடுத்தாள்.

சில மாதம் கழித்து ஒரு காலை அவன் வந்தான். அவள் கதவைத் திறந்தாள், ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. அவன் கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து கோப்பையை எடுத்தான்.

"இதை நீயே வச்சுக்கோ. யோசிச்சுப் பாத்தேன், நியாயமாப் பாத்தா இது உனக்குத்தான் சேரணும்" என்றான். பெருந்தன்மையில் அவன் குரல் தழுதழுத்தது.

"வேண்டாம்."

"அட, சண்டைய விடு. வண்டி கொண்டாந்திருக்கேன், பெட்டிய எடுத்துட்டு வா."

"வக்கீல்கிட்ட பேசியிருக்கேன். பேப்பர் வரும். கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள். அவன் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தான். பிறகு கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் அதைத் தொடவில்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, அவர் முறை வந்துவிட்டது, கோப்பை இங்கே படியில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். யாரையாவது அனுப்புவார் என்று நினைத்தாள். அவரே வந்தார், ஆட்டோவில், மூச்சிரைக்க. படியிலேயே உட்கார்ந்து கைக்குட்டையால் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். அடியில் பெயர் பொறித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். அங்கே அவள் கணவன் பெயருக்குக் கீழே அவர் பெயரும் பொடி எழுத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.

"கீறல் எதுவும் விழல" என்றார் சந்தோஷமாக. பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "என் பொண்ணு பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவா. அந்த பாத்ரூம் விஷயத்த மட்டும் அவகிட்ட யாரும் சொல்லாம இருந்தா நல்லது. உங்களுக்குப் புரியும்" என்றார்.

ஆட்டோ போனதும் அவள் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவிவிட்டாள். உள்ளிருந்து அக்கா, "காலங்காத்தால எதுக்கு இப்போ கழுவுற?" என்று கேட்டாள்.

"அழுக்கா இருக்கு" என்றாள் அவள். கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது.